சிறப்பு விருந்தினர் இதயத்துக்குள் நடந்தது

1

இந்தக் கதை எந்த உள்ளொளியாலும் பிறக்கவில்லை. எழுத்தாளர் ஒருவருக்கு அவருடைய அக்கா மகள் போட்ட போனால் பிறந்தது.

"மாமா, அம்மா ஆபரேஷனுக்கு மாட்டேங்கிறாங்க. வால்வு சரியா மூடல, துடிக்கிறப்பல்லாம் கொஞ்சம் ரத்தம் பின்னாடியே போகுது, இப்படியே விட்டா இதயம் தளர்ந்துடும்னு டாக்டர் சொல்றாரு. நீங்க சொன்னா கேப்பாங்க."

அக்கா அவர் சொல்லைக் கேட்டதாக வரலாற்றில் ஆதாரம் கிடையாது. ஆனாலும் எழுத்தாளர் அல்லவா? பேசிக் கெடுப்பதைவிட எழுதிக் கெடுக்கலாம் என்று உட்கார்ந்தார். (இனி அவரைத் தம்பி என்றே சொல்வோம். இலக்கியக் கூட்டங்களில் வேறு பட்டங்கள் உண்டு. பெரும்பாலும் அவரே எழுதிக் கொடுத்தவை.)

முதல் தொடக்கம்: "இதயம் வெறும் தசையன்று, யுகயுகமாக மானுடம் சுமந்துவரும்..."

எதைச் சுமந்துவருகிறது என்று அவருக்கே தெரியவில்லை. அடித்தார்.

இரண்டாம் தொடக்கம்: "இதயம் கைமுட்டி அளவுள்ள ஒரு பம்பு." உண்மைதான். ஆனால் இதற்கு யார் விருது தருவார்கள்? இதையும் அடித்தார்.

வேறு வழியில்லாமல் நடந்ததை எழுதத் தொடங்கினார்.

2

அக்காவும் தம்பியும் பள்ளியில் படித்த காலத்தில், ஒரு விழாவுக்காக, சயின்ஸ் டீச்சர் பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் ஓர் இதயம் வரைந்தார். காதல் கடிதத்து இதயம் அல்ல. ஒருபக்கம் சாய்ந்த பை மாதிரி, அசல் இதயம். மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை. பெரிய வகுப்புப் பையன்கள் பிடித்திருந்த கயிறுதான் சுவர். மற்ற பிள்ளைகளெல்லாம் ரத்தம்.

நீலக் காகிதத் தொப்பியோடு வலப்பக்க மேலறைக்குள் வர வேண்டும். விசில் ஊதினால் கயிறு நெருக்கும், கீழறைக்குள் விழுவார்கள். அடுத்த விசிலுக்கு நுரையீரல். அது இரண்டு மரத்தடி. அங்கே நீலத்தைக் கொடுத்துச் சிவப்புத் தொப்பி வாங்கிக்கொண்டு இடப்பக்க மேலறை, கீழறை, அப்புறம் ஒரே ஓட்டமாக உடம்பு. உடம்பு என்றால் மைதானம் முழுக்க. சுற்றி முடித்தால் மறுபடி நீலம்.*

வேர்வையில் தொப்பிச் சாயம் கரைந்து, சாயங்காலம் வீடு திரும்பிய ரத்தமெல்லாம் ஊதா நெற்றியோடு திரும்பியது. அம்மா சோப்புப் போட்டுத் தேய்த்த தேய்ப்பில் தோல்தான் போனது. இப்போதும் சில நாள் முகம் கழுவும்போது தம்பி கண்ணாடியில் அந்த ஊதாவைத் தேடுவதுண்டு.

அக்கா ரத்தமல்ல, வால்வு. இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள வால்வுக்கு இரண்டு இதழ். ஆகவே இரண்டு பெண்கள். மேலிருந்து வந்தால் வழிவிட வேண்டும், கீழறை நெருக்கும்போது கைகோத்து மூட வேண்டும்.

"யார் வந்தாலும் திரும்ப விடாதீங்கடி," என்றார் டீச்சர். "கடவுளே வந்தாலும் சுத்திட்டுத்தான் வரணும்."

* தம்பி ஒத்திகையின் இரண்டாவது சுற்றிலேயே நுரையீரலில் உட்கார்ந்தவர், விழா முடியும்வரை எழவில்லை. அங்கே நிழல் இருந்தது.

3

சிறப்பு விருந்தினர், அன்பே இதயம் இதயமே அன்பு என்று பேசி முடிப்பதற்குள் ரத்தத்தில் பாதி வெயிலில் சுருண்டது. பிறகு, முதல் துளியாகத் தாமே நடந்து தொடங்கிவைப்பதாக அறிவித்தார். போர்த்திய சால்வையோடு அறை அறையாக நடந்து, இடப்பக்கக் கீழறைக்கு வந்தபோதுதான் போட்டோக்காரர் மேலறையிலேயே நின்றுவிட்டது தெரிந்தது. திரும்பினார்.

அக்கா கைகோத்து மூடினாள்.

"சார், திரும்பக் கூடாது. உடம்பெல்லாம் சுத்திட்டு வாங்க."

தலைமையாசிரியர் பல்லைக் கடித்தார். "ஏய், இவரு யாருன்னு தெரியுமா?"

"ரத்தம், சார்."

பெரிய மனிதர் சால்வையும் தாமுமாக மைதானம் முழுக்க வெயிலில் சுற்றிவந்தார்.

(இதைத் தம்பி கலந்துகொண்ட எல்லாக் கல்யாணங்களிலும் சொல்லியிருக்கிறார். சிலர் அவரைப் பந்திக்கு அனுப்புவதற்காகவே சிரித்திருக்கிறார்கள்.)

4

அக்கா கட்டிலில் இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்திருந்தாள். தம்பி வாசித்தார். "ரத்தம், சார்" வந்ததும் சிரித்தாள்; சிரிப்புக்கு மூச்சு போதவில்லை. தணிந்ததும் சொன்னாள்:

"நல்லா எழுதியிருக்கடா. ஆனா இப்படி நடக்கல."

"என்னக்கா சொல்ற?"

"நான் கைய விட்டுட்டேன். அந்தாளு சால்வையோட கிட்ட வந்து நின்னதும் கையெல்லாம் வேர்த்துப் போச்சு. அவரு பாட்டுக்குப் போயிட்டாரு. போட்டோவும் எடுத்துட்டாங்க."

"அப்ப 'ரத்தம், சார்'?"

"அத நீ சேத்த. நீ எங்க பாத்த, மரத்தடியில உக்காந்திருந்த. கேக்க நல்லா இருந்துச்சு, நானும் விட்டுட்டேன்."

தம்பி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாகத்தான் இருந்தது.

"இதப் படிச்சு நான் தைரியமா ஒத்துக்குவேன்னு நெனச்சியாக்கும்," என்றாள் அக்கா. "அந்தப் பொண்ணு ஒத்துக்குவா. அவ நான் இல்லையே. நெஞ்சத் திறந்து, இதயத்த நிப்பாட்டி வெச்சுத் தைப்பாங்களாம். எனக்கு பயமா இருக்குடா."

தம்பியிடம் உவமை இருந்தது, மேற்கோள் இருந்தது. இரண்டையும் விட்டுவிட்டார்.

"எனக்கும்தான்க்கா," என்றார்.

"அப்ப அதை எழுது. கைய விட்டவளா எழுது. அவ போவாளான்னு பாப்போம்."

5

அடுத்த அறையில் உட்கார்ந்து முடிவுகளைப் போட்டுப் பார்த்தார்.

முடிவு ஒன்று: அக்கா புன்னகையோடு ஸ்ட்ரெச்சரில் ஏறினாள். (பொய். அடித்தாயிற்று.)

முடிவு இரண்டு: அக்கா வீட்டிலேயே இருந்து, ஒருநாள் மாடிப்படியில்... (எழுதிய பக்கத்தைக் கிழித்துவிட்டார். அது முடிவே அல்ல என்று நாமும் வைத்துக்கொள்வோம்.)

மூன்றாவதைத் தொடங்கியபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"டேய், எழுதிக் கிழிச்சது போதும். ரிப்போர்ட்டெல்லாம் எங்க? டாக்டரப் போய்ப் பாத்துட்டு வருவோம். சும்மா பாக்கத்தான். மிச்ச பயத்த அங்க போய்ப் பட்டுக்கலாம்."

தம்பி பேனாவை மூடக்கூட இல்லை, எழுந்து போய்விட்டார். அந்தப் பாதி வாக்கியம் மேசைமேல் அப்படியே கிடக்கிறது. அதற்கு ஒரு வினைச்சொல் வேண்டும், வாசகரே போட்டுக்கொள்ளலாம். ஒரே ஒரு வேண்டுகோள்: வீரமாக எதுவும் வேண்டாம், அக்காவுக்குப் பிடிக்காது.

முடிவு மூன்று: ஆஸ்பத்திரிப் படியில் அக்கா மூச்சுவாங்க நின்று, மேலே ஒரு தடவையும் வந்த வழியை ஒரு தடவையும் பார்த்துவிட்டு,