கடைசியாக விளையும் காடு

1

ஜனவரி 3, சனிக்கிழமை. நேற்று எழுதிய பக்கத்தில் ஒரு தவறு இருக்கிறது. ‘சென்றாயன் பெரியப்பா சிரித்தார்’ என்று எழுதியிருக்கிறேன். அவர் சிரிக்கவில்லை. கோயில் படையலுக்கு எப்போது நாள் வைப்பீர்கள் என்று கேட்டதற்கு, வெற்றிலையை மென்றபடி எங்கள் சாமைக் காடு இருக்கும் பக்கம் பார்த்தார். அவ்வளவுதான். சிரித்தார் என்று போட்டால் அடுத்த வரியை எழுத எளிதாக இருந்தது. போட்டுவிட்டேன்.

இந்தக் கதை எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். செம்மேட்டில் நான் போகிற மாலை வகுப்பில், பண்டிகைக் காலத்தில் ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்திடம் தன் சரக்கை எப்படி விற்கிறது என்று பாடம் நடக்கிறது. அவரவர் அனுபவத்தை நாட்குறிப்பாக எழுதி வரச் சொன்னார்கள். எழுதினேன். ‘நான்’ வருகிற வரிகளில் ஒன்று என்னைத் திட்டிக்கொண்டேன், இல்லையென்றால் எனக்காகப் பரிந்து பேசினேன். இரண்டுமே சரியில்லை. ஆகவே இனி ‘நான்’ வேண்டாம். பூங்குழலி என்று ஒருத்தி. பெயர் என்னுடையதுதான். வேறு பெயர் வைத்துப் பார்த்தேன், அவள் என்னைவிடக் கெட்டிக்காரியாகிவிட்டாள்.

2

தொடங்கிப் பார்த்தவை:

‘மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. பூங்குழலி தன்’

(வேண்டாம். பனியைச் சொன்னால் படிக்கிறவர் போர்வையைத் தேடுவார். எனக்கு அவர் சாமையைத் தேட வேண்டும்.)

‘எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வந்த அந்த லாரி’

(சரக்கெடுக்கிற லாரி இன்னும் வரவில்லை. வருமா என்பதுதான் கதையே.)

‘பூங்குழலி ஒரு வாக்குக் கொடுத்தாள்.’

இது நடந்தது. இதிலிருந்தே போகலாம்.

3

மலைமேல் ஆலத்தூர் நாட்டில் ஒரு சிற்றூர். அங்கே சாமையும் மிளகும் விளைவிக்கிற பெண்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். பொன்னாயி அதற்குத் தலைவி. கீழே நாமக்கல்லுக்குப் போய்ச் சரக்கைப் பேசி விற்கிற வேலை பூங்குழலியுடையது. மாதிரிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆடி மாதம் முழுக்க அவள் ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்கினாள். பிளாஸ்டிக் நாற்காலிகளில் காத்திருந்தாள். கடைசியில், லாரிக்குக் கூண்டு கட்டுகிற ஒரு பெரிய பட்டறையில் குணசேகரன் என்கிற மேலாளர் அவளை உட்காரச் சொன்னார்.

“வருசா வருசம் பொங்கலுக்கு இனிப்புப் பெட்டிதான் குடுக்கறோம்மா. வாங்கற முதலாளி அதை டிரைவர் கையில குடுத்துட்டுப் போயிடறாரு. உங்க பெட்டியில அப்படி என்ன இருக்குது?”

“புதுச் சாமைங்க சார். இந்த வருசத்து வெள்ளாமை. கூட மிளகு, தேன். பொங்கலுக்கு முந்தி உங்க பட்டறையில எறக்கிடுவேன்.”

“புதுசுன்னு அட்டையில அடிச்சுட்டுப் பழசை அள்ளிப் போட்டீங்கன்னா?”

“மலையில அப்படிப் பழக்கமில்லீங்க.”

“மலையில இல்லாத பழக்கமெல்லாம் கீழ எறங்கறதுக்குள்ள வந்துருதும்மா,” என்றார் அவர். ஆனாலும் ஆர்டரைக் கொடுத்தார். “எங்ககிட்ட வண்டி கட்டினவங்க அத்தனை பேருக்கும் போகுது. என் பேரைக் கெடுத்துராதீங்க.”

* வகுப்பில் சொன்னது: ஒரு கம்பெனிக்கு விற்கும்போது, அந்தக் கம்பெனிக்குப் பின்னால் நிற்கிறவருக்கும் சேர்த்து விற்கிறீர்கள். நான் இதை அழகாகக் குறித்துக்கொண்டேன். எனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று யோசிக்கவில்லை.

[இந்தக் குணசேகரன் எனக்குப் பிடிபடவே இல்லை. முதல் வரைவில் அவர் விரலில் தங்க மோதிரம் போட்டு, பூங்குழலியை எகத்தாளமாகப் பார்க்க வைத்தேன். உண்மையில் மோதிரம் இருந்ததா என்று நினைவில்லை. கெட்டவராக இருந்தால் அவரை ஏமாற்றுவது சுலபம் என்பதற்காகப் போட்ட மோதிரம் அது. எடுத்துவிட்டேன்.]

4

இங்கே ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர்கள் ஊரில் புதுச் சாமையைக் கோயிலில் பொங்கிப் படைக்காமல் ஒரு பிடி கூட ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. படையலுக்கு நாள் வைக்கிறவர் சென்றாயன். ஊரில் எல்லார் காடும் அறுப்பு முடிந்து, கடைசிக் காட்டின் கதிரும் களத்துக்கு வந்த பிறகுதான் அவர் நாள் வைப்பார். யாருடையது பிந்துகிறதோ அவருக்காக மற்றவர்கள் காத்திருப்பார்கள். ஏன் பிந்தியது என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டால்கூடத் தேவலாம்.

இந்த வருசம் பிந்திய காடு குழந்தைசாமியுடையது. அவர் பூங்குழலியின் அப்பா.

முதலில் விதைத்தது முளைக்காமல் போயிற்று. மறுபடி உழுது விதைக்க இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆள் நாமக்கல்லில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, புதுச் சாமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். அவர் தனியாகவே விதைத்தார், தாமதமாக. இப்போது ஊர்ச் சாமை மூட்டைகளில் இருக்கிறது. அவர் காடு பச்சையாக நிற்கிறது.

5

இன்று காலை சங்கத்துக் கொட்டகையில் பெண்கள் மிளகு புடைத்துக்கொண்டிருந்தார்கள். காலிப் பெட்டிகள் சுவரோரம் கூரைவரை அடுக்கியிருந்தன. பொன்னாயி முறத்தைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

“ஏன் கண்ணு, ஊர்ச் சாமை பூராவும் உங்கப்பன் காட்டைப் பார்த்துக்கிட்டு உக்கோந்திருக்குது. எப்பத்தான் விளையும்?”

“இன்னும் பால் கட்டற பருவந்தானுங்க அக்கா. பொங்கல் தாண்டிரும்.”

“அந்த ஆபீசுக்காரருகிட்ட வாக்குக் குடுத்தப்ப இது தெரியலையா?”

“தெரியுமுங்க. எப்படியும் விளைஞ்சுரும்னு நெனச்சுட்டேன்.”

“ஊருக்கெல்லாம் போன் போட்டயே, சாமைக்கும் ஒண்ணு போட்டுச் சொல்லியிருக்கலாமல்ல?”

பெண்கள் சிரித்தார்கள். (இவர்கள் நிஜமாகவே சிரித்தார்கள்.) சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. வழக்கமாக வந்து சாமை எடுக்கிற வியாபாரியை, அவள் பேச்சை நம்பி இந்த வருசம் வேண்டாமென்று திருப்பி அனுப்பியவர்கள் அவர்கள். சங்கத்துக்கு ஒரு கம்பெனி கொடுத்த முதல் ஆர்டர் இது. இது தவறினால் கீழே வேறு எந்த ஆபீசும் கதவைத் திறக்காது.

“அங்க வாக்குக் குடுத்தது நீதான். நீயே ஒரு வழியும் சொல்லு சாமி,” என்றாள் பொன்னாயி.

6

வழிகளை எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு. பூங்குழலி இரண்டு வீடுகளில் பேசி, மூட்டைகளைப் படையலுக்கு முன்பே வண்டியேற்றிவிடுகிறாள். அரைப் பக்கம் எழுதினேன். யாரும் அவளைத் தடுக்கவில்லை. படையலன்று கோயில் முன்னால் எல்லார் வீட்டுச் சாமையும் ஒரே பானையில் விழும்போது அவள் எங்கே நிற்பாள் என்று எழுத வந்தபோது—

இரண்டாம் முடிவு. பெட்டியில் போன வருசத்துச் சாமை. கீழே யாருக்கும் வித்தியாசம் தெரியாது. சொல்லப்போனால் பழசுதான் உதிரி உதிரியாக வேகும். அட்டையில் மட்டும் ‘புதுசு’ என்று இருக்கும். இது நன்றாக ஓடியது, ஒரு திருத்தம்கூட இல்லாமல். அதனாலேயே கிழித்தேன்.

மூன்றாவதாக ஒரு வழி இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை. அது அப்பாவுக்குத் தோன்றியிருக்கிறது.

7

சாயங்காலம் பூங்குழலி வகுப்பு முடிந்து வந்தபோது, குழந்தைசாமி வாசலில் குந்தி அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

“எதுக்குங்கப்பா அருவா?”

“நாளைக்கு நம்ம காட்டை அறுத்துப் போட்டர்லாம் கண்ணு.”

“பச்சையாவா?”

“அறுத்துக் களத்துல போட்டுட்டாக் காடு ஒழிஞ்சுது. சென்றாயங்கிட்டக் கேட்டுட்டேன். கதிரு நிக்காம இருந்தாச் சரிங்கறான். திங்கக்கெழமையே படையல் வெச்சுருவான். உம் பெட்டி கெளம்பிரும்.”

“அதுல ஒரு படி தேறாதுங்கப்பா. வருசம் பூராச் சோத்துக்கு?”

“மரவள்ளி இருக்குதல்ல. கெழங்கு தின்னாச் செத்தா போயிருவோம்?”

“சென்றாயன் பெரியப்பா வேற ஒண்ணும் சொல்லலீங்களா?”

“சொன்னான். ‘புள்ளைக்காகவாடா?’ன்னான். ஊருக்காகன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.” கட்டைவிரலால் அரிவாள் நுனியைத் தடவிப் பார்த்தார். “நீ போய்ச் சாப்புடு. வெள்ளன எந்திரிக்கோணும்.”

நான் உள்ளே போய்ச் சாப்பிட்டேன்.

(பூங்குழலி உள்ளே போய்ச் சாப்பிட்டாள் என்று திருத்த வேண்டும். கை போகவில்லை. அப்படியே இருக்கட்டும்.)

8

கதைக்கு முடிவு வேண்டும் என்றால், குணசேகரன் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரிய வேண்டும். மூன்று விதமாக எழுதினேன்.

“அதனால என்னம்மா, பொங்கல் கழிச்சுக் குடுங்க.” இது எனக்கு நானே கொடுத்துக்கொண்ட இனிப்புப் பெட்டி.

“இதுக்குத்தான் மலைக்காரங்களை நம்பறதில்லை.” இதில் எனக்கு ஒரு சுகம் இருக்கிறது. அவர் அப்படிச் சொல்லிவிட்டால் என் தப்பு சின்னதாகிவிடும்.

“புதுசு இல்லாட்டிப் போகுது, இருக்கறதை அனுப்புங்க. ஆனா அட்டையை மாத்துங்க.” இது நடக்கலாம். நடக்க வேண்டும் என்று நான் விரும்புவதால் இதையும் நம்பவில்லை.

அவர் முகத்தை ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். அந்த ஆளுக்கு இதற்குமேல் வசனம் எழுத எனக்கு உரிமையில்லை. அவருடைய பதிலை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்போது ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: அவர் பதில் சொல்கிற நேரத்தில் காட்டில் பச்சைக் கதிரை அறுக்க ஒருவர் காத்து நிற்பார்.

நாளை செய்ய வேண்டியது: விடிந்ததும் அப்பாவோடு காட்டுக்குப் போக வேண்டும். மேல் வரப்பில் சிக்னல் கிடைக்கும். அங்கிருந்து குணசேகரன் சாருக்குப் போன் போட்டு, பொங்கலுக்குள் புதுச் சாமை வராது என்று முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்பதால் உடனே எடுக்கமாட்டார். எடுக்கும்வரை அப்பா அறுக்கத் தொடங்காதபடி அரிவாள் என் கையில் இருக்க வேண்டும்.