நாலு விரல் மடிப்பு

என் தம்பி வாலண்டைனைத் திட்டினால் ஊர் என்னைத்தான் பேசும். அவனிடம் கெட்ட எண்ணமே கிடையாது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

பிரிக்பீல்ட்ஸில் என் தையல் கடை. பள்ளிச் சீருடைதான் முக்கிய வேலை. கையில்லாத நீலக் கவுன், அந்தப் பினஃபோருக்குக் கீழே நாலு விரல் துணியை உள்ளே மடித்து விடுவேன். பக்கத் தையலிலும் தாராளமாக விடுவேன். பிள்ளை வளர வளரப் பிரித்துவிடலாம். ஒன்றாம் வகுப்பில் போட்ட உடுப்பு மூன்றாம் வகுப்புவரை வரும். நல்ல துணியை ஒரே வருடத்தில் கரித்துணியாக்க எனக்கு மனம் வராது.

கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில், எஸ்டேட் அம்மாக்களிடம் இதைச் சொல்லித்தான் ஆர்டர் பிடித்தேன். மூன்று பெண் பிள்ளைகளைப் பெற்ற பவுனம்மாளுக்கு நம்பிக்கை வரவில்லை.

"நெசமாவா டொரத்தி அக்கா? மூணு வருஷம் வருமா?"

"நான் கேரண்டி லா."

பள்ளி திறக்க மூன்று நாள் இருந்தது. கீழ்மடிப்பு மட்டும்தான் பாக்கி. எல்லாவற்றையும் நானே நாலு விரல் மடித்துக் குண்டூசி குத்தி வைத்திருந்தேன். ஷா ஆலமில் துணி ஃபேக்டரியில் வேலை செய்யும் வாலண்டைன் லீவு போட்டு உதவிக்கு வந்தான். அவனைத் தைக்கச் சொல்லிவிட்டு சர்ச்சில் முதல் வெள்ளிப் பூசைக்குப் போனேன்.

திரும்பி வந்தால் எல்லாம் இஸ்திரி போட்டு அடுக்கியிருந்தது. ஒன்றை எடுத்துப் புரட்டினேன். அடுத்ததையும் புரட்டினேன்.

"மடிப்பு எங்கடா?"

"அவ்ளோ துணி உள்ள கெடந்தா எங்க சூப்பர்வைசர் ரிஜெக்ட் பண்ணிருவாரு அக்கா. சைடு, கீழ எல்லாம் ஓவர்லாக் மெஷின்ல வெட்டி நீட்டா அடிச்சிட்டேன்."

"வெட்டின துணி?"

"குப்பை லோரி வந்துச்சி, போட்டுட்டேன்."

கத்தினேன். நல்லது செய்தாலும் குற்றமா என்று அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். எந்தச் சாமியிடம் போய் அழுவது? அந்தச் சாமியிடம் போய்விட்டுத்தானே வருகிறேன்!

மறுநாள் காலை பள்ளிக்குக் கொண்டுபோனோம். சீருடைப் பொறுப்பில் இருந்த புனிதவதி டீச்சர் ஓரத்தைத் தடவிப் பார்த்துப் பூரித்துப்போனார்.

"கடையில வாங்கின மாதிரி இருக்கே! அடுத்த வருஷமும் ஆர்டர் உங்களுக்குத்தான். எப்படியும் எல்லாருக்கும் புதுசு வேணுமில்ல."

"டீச்சர், இது தப்பா வெட்டினது. திருப்பித் தைச்சித் தரேன்."

"என்ன வெளையாடுறீங்களா? திங்கக்கெழம ஸ்கூல் தொறக்குது."

பின்னால் வாலண்டைன் சிரித்துக்கொண்டு நின்றான். ஓங்கி ஒன்று வைக்கலாம்போல இருந்தது.

பவுனம்மாள் கடைசி மகளோடு வந்தாள். மகளின் அளவு பினஃபோரை எடுத்து ஓரத்தைப் புரட்டினாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள்.

"மடிப்பு இல்ல பவுனம்மா. வெட்டிட்டாங்க," என்றேன்.

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவளோ அதை அடுக்கிலேயே வைத்துவிட்டு, இருப்பதில் பெரியதைத் தேடி எடுத்து மகளுக்கு மாட்டினாள். தோள் முழங்கைக்கு இறங்கியது. ஓரம் காலில் போட்டிருந்த சப்பாத்தை மூடியது.

"இது தோள்ல நிக்காது பவுனம்மா."

"இருக்கட்டும்க்கா. மூணு வருஷம் போடணுமில்ல."

தையற்காரி நான் பக்கத்தில் நிற்கும்போதே, தாலியில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி, மகளின் தோள்பட்டையைச் சுருக்கிக் குத்தினாள்.