ஆறாவது டெஸ்ட் டிரைவ்

அன்றைக்கு அது ஆறாவது ஓட்டம். அதே கார், அதே சாலை, அதே வசனம்.

"இது ஹைப்ரிட் சார். பேட்டரியும் உண்டு, பெட்ரோல் எஞ்சினும் உண்டு. சார்ஜ் போட வேண்டியதில்லை. பிரேக் பிடிக்கிறப்போ வீணாகிற சக்தியை பேட்டரியே எடுத்துக்கும். மேட்டுல ஏறினா எஞ்சின் தானா சேர்ந்துக்கும்."

ஷோரூமின் விற்பனைக்காரி இதைச் சொல்லும்போது அவள் மனம் வேறெங்கோ இருந்தது. புதுச் செருப்பு குதிகாலைக் கடித்தது. காரை ஓட்டிக்கொண்டிருந்தவர் பல் டாக்டர். பின் சீட்டில் அவர் மனைவி கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லிஃப்ட் கம்பெனியில் வேலை பார்க்கும் அவள் கணவனை இரண்டு வருடம் வெளியூருக்குப் போகச் சொல்லியிருந்தார்கள். இன்று நாலு மணிக்குள் பதில் தர வேண்டும். மூன்று வாரமாக அவன் கேட்கிறான். அவளும் ஒரே பதில்தான் சொல்கிறாள்: உங்க இஷ்டம். காலையிலும் செருப்பு வாரை மாட்டிக்கொண்டே, அவன் முகத்தைப் பாராமல், அதையே சொல்லிவிட்டு வந்தாள்.

ஷோரூமில் ஒரு வழக்கம். விற்பவரின் ஃபோனைக் காரோடு இணைத்துவிடுவார்கள். பாலம் தாண்டியதும் ரிசப்ஷன் பெண் கூப்பிட்டு வணக்கம் சொல்வாள். ஸ்பீக்கர் எவ்வளவு துல்லியம் என்று காட்டத்தான் அது. கால் வந்ததும் ஸ்டியரிங்கில் இருக்கும் பச்சைப் பட்டனை அமுக்கச் சொல்லி டாக்டரிடமும் முன்பே சொல்லி வைத்திருந்தாள்.

பின் சீட்டில் காற்று வருவதைக் காட்ட அவள் திரும்பியிருந்தபோது மணி அடித்தது. திரையில் 'வீடு' என்று கணவனின் நம்பர் வந்தது. சொன்ன பேச்சு கேட்கிற மாணவனைப் போல டாக்டர் பட்டனை அமுக்கினார்.

"மணி மூணு அம்பது." பதினாலு ஸ்பீக்கரிலும் அவள் கணவன் குரல். "ஃபார்ம் கையிலதான் இருக்கு. ஒரு தடவையாவது நீ போகாதீங்கன்னு சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே இருக்கேன். என் குறட்டை இல்லாம நிம்மதியாத் தூங்கலாம்னு நினைச்சா, அதையாவது வாய் திறந்து சொல்லிடேன்."

கார் பேட்டரியில் போய்க்கொண்டிருந்தது. அவன் பெருமூச்சை மறைக்கக்கூட எஞ்சின் சத்தம் இல்லை. அவளுக்கு நாக்கில் வந்தது பழகிப்போன வசனம்தான்.

"குரல் தெளிவாக் கேக்குதா சார்?"

"ரொம்பத் தெளிவா," என்றார் டாக்டர். வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

பக்கத்தில் யாரென்று கணவன் கேட்டான். கஸ்டமர் என்றாள், எல்லாரும் கேட்டுவிட்டார்கள் என்றாள். அவன் பதறி, பிறகு பேசுவதாக முனகினான்.

"வைக்காதீங்க," என்றாள். "போகவும் போகாதீங்க."

பின் சீட்டில் கண்ணாடிப் பட்டனைத் தடவிக்கொண்டிருந்த விரல் நின்றிருந்தது.

"நாள் முழுக்க இங்க பேசித் தீத்துட்டு வர்றேன். வீட்டுக்கு வந்தா பேசத் தெம்பே இருக்கறதில்ல. உங்க முன்னேற்றத்தை நான்தான் கெடுத்தேன்னு ஆயிடுமோன்னு பயம் வேற. குறட்டை இருந்துட்டுப் போகட்டும்."

"சரி," என்றான் கணவன். "முடியாதுன்னு எழுதிக் குடுத்துடறேன். சாயங்காலம் சீக்கிரம் வா."

"சீக்கிரமெல்லாம் வர முடியாது. இன்னும் ஒரு டிரைவ் பாக்கி."

அழைப்பு முடிந்தது. அவள் செருப்பைக் கழற்றி, குதிகாலைத் தரைவிரிப்பில் பதித்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது டாக்டரின் மனைவி பின்னாலிருந்து தோளைத் தொட்டார்.

"இவரும் குறட்டைதாம்மா. இருபத்தெட்டு வருஷம். பழகிடும்."

டாக்டர் வண்டியை எடுத்தார். பாலம் தாண்டியதும் மறுபடி மணி அடித்தது. அவர் விரல் பட்டனுக்கு மேலே அப்படியே நின்றது.

"எடுக்கலாமாம்மா?"

அவள் திரையை எட்டிப் பார்த்தாள்.

"எடுங்க சார். இது ஷோரூம்தான்."