ஏழாம் நம்பர் எக்ஸ்பிரஸை ஓட்டிய எச்சில்

நெப்ராஸ்காவில் முப்பத்தொரு வருஷம் ரயிலில் உழைத்தவர் லெமுவேல் டிராஸ்க். கரி வாரிக் கொட்டும் பயர்மேனாகத் தொடங்கி, சரக்கு வண்டி ஓட்டி, கடைசியில் ஏழாம் நம்பர் இரவு எக்ஸ்பிரஸின் டிரைவரானார். அந்த வண்டி கையை விட்டுப் போகும் என்று 1911 மே மாதம்வரை அவர் நினைத்ததே இல்லை.

அந்த மாதம் கம்பெனி கண் பரிசோதனை வைத்தது. தேறாதவனுக்கு இரவு வண்டி கிடையாது.

டாக்டர் ப்ரூயிட் மேஜைமேல் கம்பளி நூல்கண்டுகளைக் குவித்தார். பச்சைக் கண்டு ஒன்றைக் காட்டி, "இந்த நிறத்துல இருக்கறதையெல்லாம் பொறுக்குங்க" என்றார்.

"ஸ்வெட்டர் பின்னவா கூப்பிட்டீங்க?"

"பொறுக்குங்க டிராஸ்க்."

பனிப்புயலில் பாலம் கடந்த மனிதருக்குக் கம்பளியைப் பார்த்து வியர்த்தது. ஒன்பது கண்டு எடுத்து வைத்தார். இரண்டு பச்சை, நான்கு பழுப்பு, மூன்று அப்பட்டமான சிவப்பு.

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இத்தனை வருஷமா சிக்னல் விளக்க எப்படிய்யா பாத்தீங்க?"

"நான் எதுக்குப் பாக்கணும்? பயர்மேன் பீனி பாப்பான்."

சிக்னல் நிறத்தை ஒருவர் கத்திச் சொல்ல, மற்றவர் திருப்பிக் கத்த வேண்டும். அதுதான் விதி.

"அவன் 'பச்சை'ம்பான், நானும் 'பச்சை'ம்பேன். பதினாலு வருஷத்துல ஒரு தப்பு இல்ல. அவனுக்குக் கழுகுக் கண்ணு டாக்டர். அவன நம்பி வண்டிய எனக்கே விடுங்க."

டாக்டர் கல்நெஞ்சர் அல்ல. "சரி. அவன் தேறினா மேலிடத்துக்கு எழுதிப் பாக்கறேன்."

கோர்னிலியஸ் பீனி கரிக்கையைச் சட்டையில் துடைத்தபடி உள்ளே வந்தான். குவியலைக் கலைத்தான். தயங்கவே இல்லை. சரியாக அதே ஒன்பது கண்டுகளை எடுத்து வைத்தான்.

டாக்டர் எண்ணிப் பார்த்தார். ஒரு நூல்கூட மாறவில்லை.

"டேய் பீனி," டிராஸ்க் அவன் பக்கம் திரும்பினார், "அப்ப நீ எதப் பாத்துடா கத்தினே?"

"உங்களத்தாண்ணே. நீங்க ஜன்னல் வழியா எட்டிப் பாத்தா பச்சைன்னு கத்துவேன். பாக்கலைன்னா சிவப்பு."

"நான் எங்கடா பாத்தேன்? புகையிலை எச்சி துப்புனேன்!"

"அதான் நீங்க துப்பாத ஊர்லல்லாம் நின்னமா?"

வாசலில் தடால் என்று சத்தம். தன் முறைக்காக அங்கே காத்திருந்த கார்டு வைக்கர்ட் தரையில் உட்கார்ந்துவிட்டார். பதினாலு வருஷமாக அதே வண்டியின் கடைசிப் பெட்டியில் வந்தவர்.

"உன் எச்சிய நம்பியாய்யா நான் பின்னாடி தூங்கிக்கிட்டு வந்தேன்? எனக்கு நாலு புள்ளைங்கய்யா!"

டாக்டர் அவருடைய நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு மேஜைக்குத் திரும்பினார்.

"ஒரு தடவகூட மோதலயே டாக்டர்," என்றார் டிராஸ்க். கடைசி முயற்சி.

டாக்டர் பேனாவை எடுத்தார். இருவரின் பரிசோதனைத் தாளிலும் 'பகலில் யார்டுக்குள் பெட்டி கோர்க்கும் ஷண்டிங் மட்டும்' என்று எழுதிக் கையெழுத்திட்டு நீட்டினார்.

டிராஸ்க் தாளை மடித்தார். வைக்கர்ட்டைத் தாண்டி வெளியே வந்ததும் பீனியின் தோளைத் தட்டினார்.

"பாக்காமயே இவ்வளவு ஓட்டியிருக்கோம். பாத்து ஓட்டியிருந்தா எங்கயோ போயிருப்போம்டா."