ஒரே ரப்பர் பேண்டில் இரண்டு பாஸ்போர்ட்

1

இந்தக் கதை விமானத்தில் கொடுத்த வருகை அட்டையின் பின்பக்கத்தில் தொடங்கியது. முன்பக்கத்தை நிரப்ப முடியவில்லை, அதனால்தான். பெயர், பாஸ்போர்ட் எண் வரை ஒழுங்காகப் போனது. அடுத்து மூன்று கட்டங்கள்: மணமானவர், மணமாகாதவர், துணையை இழந்தவர். பேனா நின்றுவிட்டது. அட்டையைத் திருப்பி, "அவன் வரிசையில் நின்றான்" என்று எழுதினேன்.

‘நான்’ என்றால் கை ஓடவில்லை. ‘அவன்’ என்றால் ஓடுகிறது.

பணிப்பெண்ணிடம் வேறு அட்டை வாங்கினேன். அதிலும் அந்தக் கட்டங்களை விட்டுவிட்டேன்.

2

பழைய தொடக்கம்: "மனைவியைப் பறிகொடுத்த அந்த இளைஞன்..." அடித்தாயிற்று. ஒப்பாரி வாடை.

செய்தி இவ்வளவுதான். அவள் போய் மூன்று மாதம். ஊரில் படுத்த படுக்கையாக இருக்கும் மாமனாரால் வர முடியவில்லை. அவன் போய்ப் பார்த்தான். ஐந்து வயது மகளின் விசா நீட்டிப்பு இன்னும் வரவில்லை. வெளியே கூட்டிப்போனால் திரும்ப விடமாட்டார்கள். அதனால் விசிட்டர் விசாவில் வந்திருந்த அக்காவிடம் விட்டுப் போனான். அக்காவும் ஆறு நாளில் கிளம்பியாக வேண்டும். இவனை உள்ளே விடாவிட்டால் (மகள் அந்தப் பக்கம், இவன் இந்தப் பக்கம், நடுவில்

3

கிளம்பிய அன்று அக்கா பிடித்துக்கொண்டாள்.

"டேய், அவ பாஸ்போர்ட்டையும் ஏன்டா தூக்கிட்டுப் போற?"

"பழக்கம்."

"பழக்கமாம் பழக்கம். எவனாவது கேட்டா என்னடா சொல்லுவ?"

கல்யாணமான நாளிலிருந்து இரண்டும் ஒரே ரப்பர் பேண்டில்தான். கவுன்டரில் நீட்டுவது அவள் வேலை.

4

(அதிகாரி பேசியது தமிழ் அல்ல. ஆனால் என் கதையில் எல்லாரும் தமிழ்தான் பேசுவார்கள். அந்த இடத்தில் எனக்கிருந்த அதிகாரம் அவ்வளவுதான்.)

"விசா முடிஞ்சு போச்சே?"

"நீட்டிச்சாச்சு சார். கடிதம் இருக்கு."

"இது ஜெராக்ஸ். ஒரிஜினல்?"

கைப்பை. ஃபைல். சட்டைப் பை. மறுபடி கைப்பை.

"ஒரிஜினல் இல்லாம விட முடியாது."

இங்கே அவனை அழவைத்துப் பார்த்தேன். அழ மறுத்துவிட்டான். மூன்று மாதமாக அப்படித்தான். வாசகர் நம்பாவிட்டால் நான் என்ன செய்ய?

அதிகாரி இரண்டாவது பாஸ்போர்ட்டைத் திறந்தார்.

"இது யாரு?"

"மனைவி."

"எங்க அவங்க?"

எழுதிப் பார்த்த பதில்கள்: "பின்னால வர்றாங்க." "இந்தத் தடவை வரல." அவன் சொன்னது:

"இறந்துட்டாங்க சார்."

அதுவரை எல்லாருக்கும் அக்காதான் சொன்னாள். அவன் வாயால் அது முதல் தடவை.

பாஸ்போர்ட்டை மூடப் போன அதிகாரி நிறுத்தினார். உறையின் மடிப்பில் நாலாக மடித்த ஒரு தாள். பிரித்தார். நீல முத்திரை. ஒரிஜினல்.

"உங்ககிட்ட குடுத்தா கிணத்துல போட்ட மாதிரி" என்பாள் அவள். கடிதம் வந்த அன்றே எடுத்து வைத்திருக்கிறாள்.

"இதை நீங்கல்ல வெச்சிருக்கணும்?"

"அவங்கதான் வெச்சுப்பாங்க சார்."

அதிகாரி அட்டையைத் திருப்பிக் காட்டினார். "ஒண்ணு விட்டுட்டீங்க." பேனாவையும் அவரே கொடுத்தார். அவன் மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டான்.

முத்திரை விழுந்தது. இரண்டு பாஸ்போர்ட்டையும் சேர்த்து ரப்பர் பேண்டை மாட்டிக் கொடுத்தார். அவர் அதைக் கழற்றியே வைத்திருக்கலாம். மாட்டினார்.

5

வெளியே மகள் தலைவிரி கோலமாக ஓடிவந்தாள்.

"உன் பொண்ணு ஹேர்பேண்டைத் தொலைச்சுட்டா" என்றாள் அக்கா. "ஏன்டா இவ்வளவு நேரம்? எனக்கு உசுரே போச்சு."

"ஒரிஜினல் கேட்டாங்க. அவகிட்ட இருந்துச்சு."

அக்கா அவன் கைப்பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

மகள் அவன் கையைப் பார்த்தாள். "அப்பா, அந்த ரப்பர் பேண்டைப் போட்டு விடு."

"முடியைப் பிடுங்கும்டி அது!" என்றாள் அக்கா.

முடிவு ஒன்று: கழற்றி, குதிரைவால் போட்டுவிட்டான். முடிவு இரண்டு: கழற்றவில்லை. அவள் முடியைத் தன் விரல்களால் பிடித்தபடியே வண்டி வரை நடந்தான்.

எது என்று நான் சொல்லப்போவதில்லை. உங்களுக்கு எது தோன்றுகிறதோ, அது. இரண்டாம் பகுதியில் ஒரு அடைப்புக்குறியைத் திறந்துவிட்டு, மூடப் பயந்து ஓடிவந்தேன். அதை மட்டும் நானே மூடிவிடுகிறேன்.

)