தட்டில் இருப்பது பாஸ்தா அல்ல

1

இந்தக் கதை கட்டுரையாகத்தான் பிறந்தது. "ஒரு கோப்பை வெந்த பாஸ்தாவில் சுமார் நாற்பது கிராம் மாவுச்சத்து. வெள்ளரி மாதிரியிருக்கும் சுக்கினிக்காயை நூடுல்ஸாகச் சீவினால் அதே கோப்பையில் ஐந்தாறு கிராம் தேறினாலே அதிகம். மிச்சமெல்லாம் தண்ணீர், கொஞ்சம் நார்." இதுவரை குழப்பமில்லை. அடுத்து, "ஆகவே, சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போடுகிறவர்கள்…"

முடிக்கவில்லை. அந்த மூன்று புள்ளிக்குள் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். கழுத்தைப் பிடித்துத் தள்ளினாலும் போகவில்லை.

2

அவர் கண்ணாடி அறுக்கிறவர். வீட்டுக்குக் கீழேயே பட்டறை. அவள் பள்ளி வேன் ஓட்டுகிறாள். அவருக்குச் சர்க்கரை, அதோடு பாஸ்தா பைத்தியம். அவள் ['அன்பினால்' என்று எழுதி அடித்துவிட்டேன்] பயத்தினால், சுக்கினியைத் தோல் நீக்கி, நீளநீளமாகச் சீவி, தண்ணீரைப் பிழிந்து, தக்காளிக் குழம்பில் புரட்டினாள். கண்ணுக்குத் தெரிய மேலே ஒரு கை நிஜப் பாஸ்தா.

அவர் முழுப் பாஸ்தாவுக்குப் போடும் வழக்கமான அளவு இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

(அதுகூடத் தெரியாத நாக்கா என்கிறீர்கள். எனக்கும் அதே சந்தேகம். அதற்குப் பிறகு வருகிறேன்.)

3

கொஞ்ச நேரம் கழித்து, வேன் சாவியைத் தேடிப் பட்டறைக்குப் போனவள் பார்த்தாள். அவர் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"ஏங்க, ஏன் இப்படி வேர்க்குது?"

"கண்ணாடி ஏன்டி வளையுது?"

"அது நேராத்தான் இருக்கு. உங்க கைதான் ஆடுது. முதல்ல இதக் குடிங்க."

சர்க்கரைத் தண்ணீர் உள்ளே போனதும் மெல்ல முகம் தெளிந்தது.

"வழக்கம்போலத்தானே சாப்பிட்டேன்?"

"ம்."

"ஊசியும் அதே அளவுதானே?"

"ம்."

"அப்ப உடம்புதான் போச்சு. ஆடுற கைய வச்சுக்கிட்டு என்னத்த அறுக்கறது? கடைய மூடிடலாமா?"

அவள் காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள். சர்க்கரை இறங்கவேண்டும் என்றுதான் ஆசைப்பட்டாள். அளவுக்கு மீறி இறங்கிவிட்டது. காய் நல்லது, மருந்து நல்லது, பெண்டாட்டியும் நல்லவள். மூன்று நல்லதும் சேர்ந்து ஆளைச் சாய்க்கப் பார்த்தால், யாரை வில்லனாகப் போட்டு நான் எழுதுவது?

4

முடிவு ஒன்று: சொல்லிவிடுகிறாள். அவர் சிரிக்கிறார். [பொய். இனி அவள் தரும் காப்பியைக்கூட மோந்துபார்ப்பார்.]

இன்னொன்று: வாயை மூடிக்கொண்டு பழைய பாஸ்தாவுக்கே திரும்புகிறாள். சர்க்கரை ஏறும். தன் கையைச் சந்தேகித்தே அவர் கடையைப் பூட்டு

(இதற்குமேல் எழுதப் பிடிக்கவில்லை.)

அல்லது அது பாஸ்தா இல்லை என்று அவருக்குத் தெரியும். ஆனால் ஊசி முதல் வாய்க்கு முன்னால், தெரிந்தது முதல் வாய்க்குப் பின்னால். அவள் மனசு நோகக்கூடாதென்று விழுங்கினார். அப்படியானால் கடையை மூடலாமா என்று ஏன் கேட்டார்? அவள் உண்மையைச் சொல்வாளா என்று ஆழம் பார்த்தாரா? எனக்கே தெரியவில்லை.

5

மறுநாள் மதியம். அதே தட்டு. கீழே சுக்கினி, மேலே ஒரு கை பாஸ்தா. காட்டிச் சொல்லிவிடலாம் என்றுதான் கொண்டுவந்தாள். அதற்குள் அவர் ஊசியை எடுத்துவிட்டார்.

"என்னடி முழிக்கற? இன்னிக்கும் பாஸ்தாதானே?"

அவள் வாயைத் திறக்கிறாள். அவள் குரல் எனக்குக் கேட்கவில்லை. உங்களுக்குக் கேட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள். யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள். மனிதர் வயிற்றில் ஊசி குத்தச் சட்டையைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்.