அடுப்பு இல்லாத அலுவலகம்

அறிக்கையின் பதினேழாம் பக்கத்தில் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'அடுப்புக்கும் பேக்கிங் மேசைக்கும் இடையிலுள்ள தூரத்தால் பணியாளர் நேரம் வீணாகிறது' என்று போட்டிருந்தது. நிர்வாக ஆலோசனை சொல்லும் அந்த நிறுவனத்தின் மூன்று மாடிகளிலும் சல்லடை போட்டுத் தேடினாலும் ஓர் அடுப்பு கிடைக்காது. டீகூட பட்டனை அழுத்தினால் வருவதுதான்.

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் அக்கா. ஆனால் கூடப்பிறந்தவன் ஒருவன்தான், நிர்வாக இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தம்பி. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் ஒரு டெய்லர் கடை மாடியில், ஒரு ஃபேனும் ஆடுகிற மேசையுமாக இருவரும் ஆரம்பித்த தொழில் இது. முதல் வாடிக்கையாளர் ஒரு பிஸ்கட் தொழிற்சாலை. உற்பத்தி ஏன் படுத்துக்கொண்டது என்று முதலாளிக்குப் பிடிபடவில்லை. அக்கா ஒரு மர ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் அடுப்புக்குப் பக்கத்தில் மூன்று வாரம் உட்கார்ந்தார். வாயைத் திறக்கவில்லை. பார்த்தார், எழுதினார். பேக்கிங் பெண்கள் ஒவ்வொரு தட்டுக்கும் நாற்பது அடி நடந்துகொண்டிருந்தார்கள். மேசையை நகர்த்துங்கள் என்றார். அவ்வளவுதான். தொழிற்சாலை நிமிர்ந்தது, இவர்கள் பெயரும் பரவியது.

வினையும் அங்கேதான் ஆரம்பித்தது. தம்பி கெட்டிக்காரன், பேச்சில் யாரையும் கவிழ்த்துவிடுவான். மூன்று வாரம் ஓரிடத்தில் உட்காரத்தான் பொறுமை கிடையாது. பிஸ்கட் அறிக்கையில் பெயரை மட்டும் மாற்றி ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தான். அதையே மாற்றி வங்கிக்கு. எல்லோரையும் எதையாவது நகர்த்தச் சொன்னான். கொடுமை என்னவென்றால், அவர்களும் நகர்த்தினார்கள், நன்றியும் சொன்னார்கள். ஒரு மாடி மூன்றானது, இருவர் நூற்றறுபது பேரானார்கள். நேரில் போய்ப் பார்த்து வருவதற்கென்று அக்கா கட்டிக்காத்த களப்பிரிவில் மட்டும் நாலே பேர்.

அந்தப் பிரிவை மூடச் சொல்வதுதான் இப்போது கையிலிருந்த அறிக்கை. சொந்த நிறுவனத்தைப் பற்றி சொந்த நிறுவனமே எழுதியது, அதுவும் அந்தப் பழைய பிஸ்கட் அறிக்கையின் ஈயடிச்சான் காப்பி. கடைசிப் பக்கத்தில் தம்பியின் கையெழுத்து.

அக்கா விறுவிறுவென்று அவன் அறைக்குப் போனார்.

"இதப் படிச்சியாடா?"

"படிச்சேனே. நல்லா வந்திருக்குல்ல?"

"நம்ம ஆபீஸ்ல அடுப்பு எங்கடா இருக்கு?"

தம்பி எட்டிப் பார்த்தான். முகத்தில் அசடு வழிந்தது. "பசங்க கவனிக்காம விட்டிருப்பாங்க, எடுத்துட்டா போச்சு. ஆனா முடிவு முடிவுதான்க்கா. உன் ஆளுங்க மூணு வாரம் எங்கயாவது போய் உக்காந்துட்டு வர்றாங்க. அதுக்குள்ள நாம பத்து அறிக்கை குடுத்துடலாம்."

"ஒரே அறிக்கைய பத்து தடவ."

"எப்பப் பாத்தாலும் இதே பாட்டு! நாளைக்கே ஒண்ணும் மூடப் போறதில்ல. ஒண்ணாந்தேதிலேர்ந்துதான்."

ஒன்றாம் தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. இதற்குச் சுவரோடு பேசியிருக்கலாம் என்று அக்காவுக்குத் தோன்றியது. இவன் முன்னாலா அழுவது என்று வெளியே வந்துவிட்டார்.

வரவேற்பறையில், 'எங்கள் வரலாறு இங்கே தொடங்கியது' என்ற பலகையோடு, கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த மர ஸ்டூல் இருந்தது. ஒன்பது வருடமாக யாரும் அதைத் தொட்டதில்லை. அக்கா பெட்டியின் கதவைத் திறந்து ஸ்டூலை வெளியே எடுத்தார், முந்தானையால் தூசியைத் தட்டினார். வரவேற்பாளர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். அக்கா ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் தம்பி அறை மூலையில் போட்டு உட்கார்ந்தார்.

"என்னக்கா இது?"

"ஒண்ணாந்தேதிக்கு மூணு வாரம் இருக்குல்ல. இங்க வேலை எப்படி நடக்குதுன்னு பாக்கப் போறேன். நீ உன் வேலையப் பாரு."

"வெளையாடாதக்கா."

அக்கா நோட்டைப் பிரித்தார். தம்பி கொஞ்ச நேரம் முறைத்தான். பிறகு செயலாளர் கொண்டுவந்து நீட்டிய கோப்பை வாங்கி, கடைசிப் பக்கத்துக்குப் புரட்டி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.

அக்கா கடிகாரத்தைப் பார்த்து எழுதினார்: 'பத்தே கால். படிக்காமல் கையெழுத்து, ஒன்று.'